மச்சான் எடுத்த படத்தில் நான் மரணம்

என் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்கறியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். சாதாரணமாக வந்தால் கையை வீசிக்கொண்டுதான் வருவான். கறியோடு வந்தால் என்னவோ கேட்கப்போகிறான் என்று அர்த்தம். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு விசேஷம் விடாமல் வீடியோ எடுப்பவன். மாப்பிள்ளை மேகத்தின் மேல் நடந்து வருகிற மாதிரி, பெண் தாமரைப் பூவிலிருந்து எழுந்து நிற்கிற மாதிரியெல்லாம் கம்ப்யூட்டரில் செய்து தருவான். அப்படிச் செய்து செய்து, தனக்குள் ஒரு பெரிய டைரக்டர் ஒளிந்திருக்கிறான் என்ற நம்பிக்கை அவனுக்கு வந்துவிட்டது.

கறியை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, அப்படியே கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க.”

திரும்பினேன்.

“சிரிக்காதீங்க. இப்ப பாரு அக்கா. கண்ணு ரெண்டும் எப்படி உள்ள போயிருக்குது! கன்னத்துல சதைன்னு ஒண்ணு கெடையாது. இந்த மூஞ்சிய வூட்டுலயே வெச்சிகிட்டு நான் சேலம் வரைக்கும் போயி ஆள் தேடிட்டு வந்தேன்.”

“எதுக்குடா ஆளு?” என்றாள் என் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

“சாவுக்கு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவன் அவசரமாக விளக்கினான். படம் எடுக்கப்போகிறானாம். முக்கால் மணி நேரப் படம். நெஞ்சில் நோய் உள்ள ஒரு பெண். அவளை உயிருக்கு உயிராகக் காதலிக்கிற ஒருவன். அவளுடைய உயிரை எடுத்துப்போக மரணம் மனித உருவத்தில் வருகிறது. வந்த இடத்தில் அவளைப் பார்த்ததும் அதற்கே காதல் வந்துவிடுகிறது. எடுக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை.

“எமன் வேஷமா?” என்றேன்.

“ஐயோ, எமன் இல்லீங்க மாமா. எருமை, முறுக்கு மீசை, பாசக்கயிறு எல்லாம் பழைய சரக்கு. இது ஃபேன்டஸி ரொமான்ஸ். கேரக்டர் பேரே மரணம். ரொம்ப டீசன்டான மரணம்.”

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். வெங்காயக் கண்ணீரும் சிரிப்புக் கண்ணீரும் சேர்ந்து வழிய, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள். “டீசன்டான மரணத்த நான் ஒரு நாளும் பாத்ததில்லடா. வந்தா சொல்லு, ஒரு காபி போட்டுத் தரேன்” என்றாள்.

அவள் அப்படிச் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் மறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “எப்ப ஷூட்டிங்?” என்று கேட்டுவிட்டேன்.

ஒரு சங்கடத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். என் தொழிலே மரணத்தை நம்பி நடக்கிறது. ஆனால் அந்த வார்த்தையை மட்டும் நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, “நீங்க செத்துட்டா” என்று எப்படி ஆரம்பிப்பது? “எதிர்பாராத விதமா ஏதாச்சும் ஆயிட்டா” என்போம். “நமக்கு அப்புறம்” என்போம். குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வோம். நானே போய் மரணமாக நிற்பது என்றால் வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை அன்று ராத்திரிதான் வந்தது. அதற்குள் கறியைச் சாப்பிட்டாகிவிட்டது.

ஷூட்டிங் வத்தல்மலையில். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றான் மச்சான். விடியற்காலையிலேயே என்னை ஸ்டூடியோவில் உட்கார வைத்து முகத்துக்கு வெளுப்பு பூசி, கண்ணைச் சுற்றி மையை அப்பினான். வக்கீல் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கறுப்பு கவுனை மாட்டிவிட்டான். கண்ணாடியில் பார்த்தேன். நிஜமாகவே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வேனில் ஏறப்போனால் இடமில்லை. கேமரா, கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை காலடியில் புகை விடுகிற மெஷின், அதற்கு ஜெனரேட்டர், டிரோன், குடை, சாப்பாட்டுத் தூக்கு, தூக்கைப் பிடித்துக்கொண்டு என் மனைவி. அவளுக்கு அன்று வீக்லி ஆஃப். நான் உயிரெடுப்பதைப் பார்க்காமல் விடமாட்டேன் என்று கிளம்பியிருந்தாள்.

“மாமா, இப்பல்லாம் மலைக்கே பஸ் போவுதே. நீங்க அதுல வந்துடுங்க” என்றான் மச்சான்.

வேஷத்தைக் கலைத்தால் திரும்பப் போட அங்கே வசதியில்லை. அதனால் மரணம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனது. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையை உடனே கொடுத்தார். என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். இரண்டு கொண்டை ஊசி வளைவு வரைக்கும் பேசவில்லை. மூன்றாவதில் கேட்டார்:

“வக்கீலுங்களா?”

“இல்லீங்க, மரணம்” என்று எப்படிச் சொல்வது? “ம்” என்றேன்.

அவ்வளவுதான். மலை ஏறி முடிக்கிற வரை அவருடைய நிலத்துக் கதை. தம்பி இரண்டு முழம் வரப்பை வெட்டி உள்ளே வந்துவிட்டானாம். பட்டா இவர் பேரில் இருக்கிறதாம், கல் மட்டும் அவன் பக்கம் நகர்ந்துவிட்டதாம். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: “சர்வேயர வெச்சி அளந்துடுங்க.” இந்த யோசனை இதுவரை தனக்கு யாரும் சொன்னதில்லை என்பது போல அவர் தலையாட்டினார். இறங்கும்போது மடியிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்து, “கண்ணச் சுத்தி இப்படிக் கறுத்திருக்குதே, ஒடம்ப பாத்துக்குங்க வக்கீலய்யா. வெச்சிகிட்டு இருக்காதீங்க” என்றார்.

மேலே நல்ல பனி. சாமைக் காடு, அதன் ஓரத்தில் நெடுநெடுவென்று சில்வர் ஓக் மரங்கள், நடுவில் காபிச் செடிகள். பனி மரங்களுக்கு நடுவில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. புகை மெஷினுக்கு வேலையே இல்லை என்று மச்சான் குதித்தான். அந்தக் காட்டுக்குச் சொந்தக்கார அம்மா ஒருவர் எருமையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஐம்பது வயதிருக்கும். எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “ஹீரோ எப்ப வருவாருங்க?” என்றார்.

ஹீரோ அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஹீரோ மொரப்பூரில் செல்போன் கடை வைத்திருப்பவர். முப்பது வயசு, இன்னும் கல்யாணமாகவில்லை. மச்சானுக்கு லென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அதனால் அவர்தான் ஹீரோ. மிக நல்ல பையன். யாரிடம் பேசினாலும் போனைப் பழுது பார்த்துக் கொடுப்பது போலவே பேசுவார், குனிந்து, மெதுவாக, “ஒண்ணும் பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம்” என்கிற குரலில்.

ஹீரோயின் வரவில்லை. தருமபுரியில் குழந்தைகளுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கிற பெண். ஒன்பது மணிக்குப் போன் வந்தது. முந்தின நாள்தான் அவளுக்கு நிச்சயம் ஆனதாம். கல்யாணத்துக்கு முன்னால் செத்துப்போகிற மாதிரி நடிக்கக்கூடாது என்று வருங்கால மாமனார் சொல்லிவிட்டாராம். மச்சான் போனை வைத்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்தான். பனி கலைந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கியவன் கண்ணில் பட்டது, தூக்கைத் திறந்து புளிசாதம் கெட்டுவிட்டதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் அக்கா.

“அக்கா.”

“என்னடா?”

“நீ செத்துப் போறியா?”

என் மனைவி நிதானமாகத் தூக்கை மூடினாள். “எத்தன மணிக்கு முடியும்? நாளைக்கு எனக்கு மார்னிங் டூட்டி.”

இப்படித்தான் நாற்பத்து மூன்று வயதில் அவள் கதாநாயகி ஆனாள். பசங்க ரெண்டு பேர் காலேஜில் படிக்கிறார்கள் என்பதை நினைத்து எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, கதையைக் கொடு என்று வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் ஏறியது.

“ஏன்டா, இவ சாவும்போது நாலு பக்கம் பேசறா?”

“அதுதான்க்கா க்ளைமேக்ஸ்.”

“ஹார்ட் பேஷன்ட்டு கடைசி நேரத்துல இவ்வளவு பேச முடியாதுடா. மூச்சு எங்க இருக்கும்? ரெண்டு வார்த்தைக்கே ஆக்சிஜன் வெக்கணும்.” பேனாவை வாங்கி மூன்றே முக்கால் பக்கத்தை அடித்தாள். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக எழுதியதாம்.

முதலில் ஹீரோவும் ஹீரோயினும் சந்திக்கிற காட்சி. காபிச் செடிகளுக்கு நடுவில் ஹீரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லாத உலகத்துல எனக்கு என்ன வேலை, உயிரே” என்று சொல்ல வேண்டும். அவர் வந்தார், கையைப் பிடித்தார், கண்ணைப் பார்த்தார்.

“நீ இல்லாத உலகத்துல எனக்கு என்ன வேலைங்க அக்கா.”

கட்.

இரண்டாவது தடவை: “நீ இல்லாத உலகத்துல… சாரிங்க அக்கா.”

கட்.

மூன்றாவது தடவை ‘அக்கா’ வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். வசனம் முழுவதையும் சரியாகச் சொன்னார். கடைசியில் மட்டும் ‘உயிரே’ என்பதற்குப் பதிலாக ‘சிஸ்டர்’ என்றுவிட்டார். அவர் அம்மாவை ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது என் மனைவிதான் அந்த வார்டில் இருந்தாளாம். மரியாதை நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. காட்டுக்காரம்மா எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார். “பின்னால டப்பிங்ல சரி பண்ணிக்கலாம்” என்றான் மச்சான். அன்று முழுக்க அவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்தது எனக்கும் ஹீரோவுக்கும் மோதல். ஹீரோ என் கவுனைப் பிடித்து, “யார் நீ?” என்று கேட்பார். நான் குரலைத் தாழ்த்தி, “நான்தான் மரணம். யாரும் என்னிடமிருந்து தப்ப முடியாது” என்று சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்துவது பழக்கமான வேலை. தாழ்த்தினேன். ஆனால் அந்தக் குரலோடு சேர்ந்து வந்தது வேறு.

“நான்தான்… எதிர்பாராத விதமா ஏதாச்சும் ஆயிட்டா…”

ஹீரோ அதைக் கேட்டு இயல்பாகத் தலையாட்டி, “ஆமாங்க, சொல்றதுக்கில்ல” என்றார். என் மனைவி மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து முழுதாக வெளியே வந்தது. வந்த நேரத்தில் எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்து வந்து எனக்குப் பின்னால் நின்றது. நகரவே இல்லை. தலையை என் முதுகில் ஒரு தேய் தேய்த்தது.

“எருமை ஃப்ரேமுக்குள்ள வருதுங்க! ஓட்டுங்க, ஓட்டுங்க!” என்று கத்தினான் மச்சான்.

“அதுக்குத் தெரியுதுங்க, யாருன்னு” என்றார் காட்டுக்காரம்மா.

சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்க வேண்டியது முக்கியமான காட்சி: மரணம் அவளை முதன்முதலாகப் பார்க்கிறது. வசனம் கிடையாது. பார்வைதான். அந்தப் பார்வையில் காதல் வர வேண்டும்.

“மாமா, யுகயுகமா உயிரெடுத்து உயிரெடுத்து மரத்துப்போன ஆளு நீங்க. திடீர்னு இவளப் பாக்கறீங்க. அப்படியே ஒறஞ்சு போறீங்க. ஆக்‌ஷன்.”

பார்த்தேன்.

“மாமா, இது கேஸ் சிலிண்டர் புக் பண்ணியான்னு கேக்கற பார்வை.”

மறுபடி பார்த்தேன்.

“இது காபில சக்கர கம்மின்னு சொல்ற பார்வை.”

“நான் என்னடா பண்ணுவேன்? மொதல் தடவ பாக்கற மாதிரி பாருன்னா எப்படி? தெனமும் பாத்துகிட்டுத்தான இருக்கறன்?”

“எங்க பாக்கறாரு?” என்றாள் என் மனைவி, செடிக்குப் பக்கத்திலிருந்து. “போன வாரம் தோடு மாத்தினேன். இன்னும் தெரியல.”

எல்லாரும் என் மனைவியின் காதைப் பார்த்தார்கள். ஹீரோ, “நல்லா இருக்குதுங்க அக்கா” என்றார். மச்சான் கேமராவை அணைத்துவிட்டு, சாப்பிடலாம் என்றான்.

புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. பஸ்ஸில் கிடைத்த கொய்யாவை நறுக்கி உப்புமிளகாய் போட்டுக் கொடுத்தாள். காட்டுக்காரம்மாவுக்கும் ஒரு இலையில் வைத்தோம். சாப்பிட்டுவிட்டு, சாவுக் காட்சியை எடுத்துவிடலாம், வெயில் சாய்ந்தால் சரிவராது என்றான் மச்சான். எப்படி நடிக்க வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். கையை நெஞ்சில் வை, கண்ணை மேலே தூக்கு, தலையை டக்கென்று சாய்த்துவிடு.

“டேய், அப்படி டக்குன்னெல்லாம் யாரும் சாவறதில்ல. நீ பேசாம கேமராவ வை. நான் காட்டறேன்.”

சாமைக் காட்டு ஓரத்தில் ஒரு துண்டை விரித்துப் படுத்தாள். ஹீரோ தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தார். நான் பத்தடி தள்ளி மரத்தடியில் நின்றேன். அவள் மூச்சு நின்றதும் நான் மெதுவாக நடந்து வந்து கையை நீட்டி, “வா, நேரமாகிவிட்டது” என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த வசனங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆக்‌ஷன் என்றான்.

முதலில் அவள் மூச்சு வேகமாக வந்தது. சின்னச் சின்ன மூச்சு. ஓடி வந்து நின்றவளுடையது போல. பிறகு ஒரு இடைவெளி. பிறகு ஒரு நீண்ட மூச்சு. விரல்கள் புடவை ஓரத்தைத் தேடித் தேடிக் கிள்ளின, எதையோ பொறுக்குவது போல. கண் பாதி திறந்திருந்தது; ஆனால் ஹீரோவையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. உதடு ஒரு தடவை அசைந்தது, சொல் வரவில்லை. மறுபடி ஒரு இடைவெளி, முன்னைவிடப் பெரியது. பிறகு ஒரு மூச்சு வெளியே போனது. உள்ளே வரவில்லை.

அழ வேண்டிய ஹீரோ வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் எத்தனை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டூட்டி முடிந்து வந்து, “இன்னிக்கு ரெண்டு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவாள். நானும் சரி என்று டிவி பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் காத்திருந்தேன். மூச்சு வரவில்லை. நடிப்புதான் என்று தெரியும். சற்று முன்னால் என் தட்டிலிருந்த முட்டையில் பாதியை எடுத்துச் சாப்பிட்டவள்தான் என்று தெரியும். அவள் உதட்டோரத்தில் ஒரு புளிசாதப் பருக்கை இன்னும் ஒட்டியிருந்தது. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. நடந்து போக வேண்டியவன் ஓடினேன். கவுன் தடுக்கி அவள் பக்கத்தில் விழுந்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“ஏய். எந்திரி. போதும் எந்திரிம்மா. ஏய்!”

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “கட் சொல்லிட்டானா?”

மச்சான் கட் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் அவன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். என் கண் மை முழுக்கக் கன்னத்தில் வழிந்து, வெளுப்போடு கலந்து, காலரில் சொட்டியது. ஹீரோ எழுந்து போய் எருமைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். காட்டுக்காரம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். செத்தவளிடம் கொடுக்கவில்லை.

“இன்னும் அஞ்சு செகண்டுதான் தாங்கியிருப்பேன்” என்றாள் என் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே. “நல்ல வேள ஓடி வந்தீங்க. மூச்ச அடக்கறது என்னா கஷ்டம்!”

“மாமா” என்றான் மச்சான், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “எல்லாம் சூப்பர். டயலாக் மட்டும் சொல்லலீங்க.”

எதையும் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மச்சானும் கட்டாயப்படுத்தவில்லை. முகத்தைக் கழுவி மறுபடி மை தீட்டிவிட்டான். காலையில் வராத அந்தப் பார்வையை ஒரே ஒரு தடவை முயற்சி செய்யலாமா என்று பயந்து பயந்து கேட்டான். வெயில் சாய்ந்திருந்தது. அவள் காபிச் செடிக்குப் பக்கத்தில் நின்று தலையிலிருந்த சருகைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்.

“இதுதான் மாமா! இதுதான்! ஓகே!” என்று மச்சான் கேமராவை விட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

நான் ஒன்றும் செய்யவில்லை. அவள் ஒழுங்காக மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் தயாராக நாலு மாதம் ஆனது. முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் மொரப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். ஹீரோவின் சொந்தக்காரர்கள்தான் முக்கால்வாசிப் பேர். எருமையைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறேன் என்று சொன்ன மச்சானால் அது முடியவில்லை. எருமை இருந்த இடத்தில் புல்லாங்குழல் இசையைச் சேர்த்து, வேண்டுமென்றே வைத்தது போல ஆக்கிவிட்டான். எருமை வந்ததும் மண்டபமே விசிலடித்தது. ஹீரோவுக்கு அவ்வளவு விசில் இல்லை.

ஹீரோ என் மனைவியின் கையைப் பிடித்ததும் முன்வரிசையில் இருந்த அவர் அம்மா உரக்கக் கேட்டார்: “ஏன்டா, இந்தம்மாவுக்கு வயசு என்னா இருக்கும்?” பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியே குனிந்து பதில் சொன்னாள். அந்தம்மா திரும்பிப் பார்த்தார். “அடடே, சிஸ்டருங்களா! நல்லா இருக்கீங்களா? எனக்கு ஊசி போட்டீங்களே!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாதிப் படம் வரைக்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சாமைக் காட்டுக் காட்சி வந்தபோது அந்தம்மாவும் பேசவில்லை. மரணம் ஓடி வந்து, தடுக்கி விழுந்து, கறுப்புக் கண்ணீரோடு அவளை உலுக்குகிறது. மச்சான் என் குரலை எடுத்துவிட்டு வெறும் காற்றுச் சத்தத்தை மட்டும் வைத்திருந்தான். மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் அங்கங்கே கேட்டது. தனக்கே தெரியாமல் அவன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே வானத்திலிருந்து தாமரை இறங்கி, அதன் மேல் என் மனைவி ஏறிப் போனாள். கல்யாண வீடியோவில் வருகிற அதே தாமரை. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள்.

படம் போன் போனாகச் சுற்றியது. நான் பயந்தது போல வாடிக்கையாளர்கள் யாரும் விலகவில்லை. இரண்டு வருஷமாக என்னைக் கண்டால் சந்துக்குள் புகுந்துவிடுகிற ஒரு மளிகைக் கடைக்காரர், தானே கூப்பிட்டு, “நீங்க வந்து நின்னா எனக்குக் கொஞ்சம் சரியில்ல, நானே ஆபீசுக்கு வந்து கையெழுத்து போட்டுடறேன்” என்றார்.

என் மனைவிக்குத்தான் தொல்லை. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்த ஒருவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்திருக்கிறார். படத்தை முந்தின வாரம்தான் பார்த்தவராம். கையெடுத்துக் கும்பிட்டு, “நானும் மேல வந்துட்டனா?” என்று அழுதிருக்கிறார். “இல்லீங்க, இது மூணாவது மாடிங்க. சாயங்காலம் இட்லி தருவோம்” என்று இவள் சொல்லியும் அவர் நம்பவில்லை. இட்லியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவளால் செருப்பைக்கூடக் கழற்ற முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

சிரித்து ஓய்ந்த பிறகு, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

“நெசமா சொல்லுங்க. அன்னிக்கு மலையில ஓடி வந்தீங்களே, என்ன நெனச்சீங்க?”

அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன். “ரேஷன் கார்டு எங்க இருக்குதுன்னு தெரியலயேன்னு நெனச்சேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் பீரோவைத் திறந்து, “இங்க வாங்க” என்றாள். ரேஷன் கார்டு, பாஸ்புக், பசங்க சர்ட்டிபிகேட், வீட்டுப் பத்திரம் எல்லாம் எந்தத் தட்டில் எந்தக் கவரில் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அப்புறம் சமையலறை. துவரம்பருப்பு எந்த டப்பா, உளுந்து எந்த டப்பா, குக்கருக்கு எத்தனை விசில். வார்டில் புது நர்ஸுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். நான் காதில் வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கவனிக்கறீங்களா, இல்லயா? சொல்லுங்க பாக்கலாம், கடுகு எதுல இருக்குது?”

“தெரியாது.”

“இப்பதான காட்டினேன்?”

“எனக்குத் தெரியவே வேண்டாம். எல்லாம் தெரிஞ்சிகிட்டா நீ பாட்டுக்குக் கிளம்பிடுவ.”

கையில் இருந்த டப்பாவாலேயே என் தோளில் ஒரு அடி போட்டாள். மூடி சரியாகப் போடவில்லை போல. கடுகு தரை முழுக்கச் சிதறி, அடுப்புக்கு அடியிலும் ஃபிரிட்ஜுக்கு அடியிலும் ஓடியது. இருவரும் குனிந்து, முழங்கால் வலிக்க வலிக்க, விளக்குமாற்றைப் போட்டுக் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். பாதிக்கு மேல் அகப்படவில்லை.